கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் செயலவை ஏழு முறை கூடியது. பொங்கல் விழாவும் தீபாவளி விருந்தும் வழக்கம்போல் நடைபெற்றன. கூட்டுத் துப்புரவுப் பணி மூன்று முறை நடந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரியுலை நம் வட்டாரத்துக்கு வந்தால் சங்கம் ஆதரிக்க வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா என்று கேள்வி எழுந்தது. விவரம் திரட்டும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் வீட்டுக் குப்பை ஜிஞ்சாங்கை அடுத்த தாமான் பெரிங்கினில் குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெரிய லாரிகளில் உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் நிலத்தில் புதைக்கப்படுகிறது. எரியுலை என்ற பேச்சும் நமக்குப் புதிதன்று. நாளொன்றுக்கு 1,500 டன் எரிக்கும் உலை முதலில் பூச்சோங் பக்கம் கம்போங் போஹோலுக்கும், பிறகு புரோகாவுக்கும் திட்டமிடப்பட்டது. மக்கள் நீதிமன்றம் வரை சென்று போராடிய பின்னர், 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. தாமான் பெரிங்கினில் உலை அமைக்கும் யோசனை எழுந்தபோது கெப்போங் மக்கள் தெருவில் இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். இன்று நெகிரி செம்பிலானில், லாடாங் தானா மேராவில் நாளொன்றுக்கு 1,000 டன் குப்பையைக் கையாளும் வகையில் ஓர் எரியுலை ஆலை அமைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரோ எரிக்கக்கூடிய குப்பையைப் பல ஆண்டுகளாக எரித்துச் சாம்பலைச் செமாக்காவ் தீவில் கொட்டி வருகிறது.

எரித்தால் குப்பையின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும் என்பது உண்மை. ஆனால் புகைபோக்கி வடிகட்டிகளில் பிடிபடும் நுண்சாம்பல் நச்சுப் பொருளாகவே கையாளப்பட வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. உலைக்குள் புகை 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டு வினாடி நின்றால்தான் எரிப்பதில் உண்டாகும் டையாக்சின் என்ற நச்சு சிதையும். அந்த வெப்பத்தைக் குப்பையே தர வேண்டும் என்றால், கிலோ ஒன்றுக்குச் சுமார் 7 மெகாஜூல் வெப்பம் அதில் இருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கே ஏறக்குறைய 2.6 மெகாஜூல் செலவாகிறது. நம் வீடுகளில் கட்டிப்போடும் பையில் இருப்பது என்ன? மீந்த சோறு, பிழிந்த தேங்காய்ச் சக்கை, மீன் செதில், டுரியான் தோல். எடையில் பாதி தண்ணீர் என்றால் வியப்பில்லை. அவ்வளவையும் உலைக்கு அனுப்பினால் மின்சாரம் குறையும், வெப்பம் இறங்கும், இறங்காமல் காக்க டீசல் ஊற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பை பிரிப்பது கட்டாயம். தாளையும் நெகிழியையும் எடுத்துவிடுகிறோம். அவை எடுக்கப்பட வேண்டியவையே. ஆனால் நன்றாக எரியும் பொருள்களும் அவைதாம். எஞ்சும் பை முன்னைவிட ஈரமாகிறது. ஆகவே உலை வந்தாலும் வராவிட்டாலும், செய்ய வேண்டிய முதல் வேலை சமையலறைக் கழிவைத் தனியே எடுப்பது என்ற முடிவுக்கு நான் வந்தேன். புக்கிட் தாகாரில் புதைந்து மீத்தேனாகப் பொங்குவதும் இதே கழிவுதான்.

அதனால்தான் பிப்ரவரியில், செயலவையின் ஒப்புதலோடு, கீழ்த்தளத்தில் மூடியுள்ள நான்கு உரப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. 52 வீடுகள் கையெழுத்திட்டன. முதல் இரண்டு மாதங்கள் பீப்பாய்கள் நிரம்பின. அந்த உரம் பின்புறத்து முருங்கைக்கும் பப்பாளிக்கும் இடப்பட்டதை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். ஜூன் மாதத்துக்குள் 11 வீடுகளே எஞ்சின. உரப் பீப்பாயில் பிள்ளைகளின் டயப்பர் கிடந்த நாள்களும் உண்டு. சனிக்கிழமை காலைகளில் கையுறை மாட்டிக்கொண்டு அவற்றைப் பொறுக்கியவர்கள் நானும், மூன்றாம் மாடி அக்கா ஒருவரும், பொருளாளரும் மட்டுமே. கையெழுத்திட்டவர்களில் எவரும் வந்து, ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம். மாறாக, செயலாளர் எரியுலைக்கு ஆள் சேர்க்கிறார் என்ற பேச்சு உணவுக் கடையில் பரவியது. நான் எந்தப் பக்கமும் ஆள் சேர்க்கவில்லை என்பதை இந்த அவையில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆகஸ்டில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அறுபது நாற்காலிகளை அடுக்கியவன் என்ற முறையில் அது எனக்கு வருத்தமளித்தது.

நிதி நிலைமை ஏறக்குறையச் சென்ற ஆண்டைப் போன்றதே. பீப்பாய்களின் செலவில் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தாவைச் செலுத்தவில்லை என்பதை மட்டும் நான் குறிப்பிட வேண்டியுள்ளது. மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) பெரிய தொகையன்று. கதவைத் தட்டும்போது விளக்கை அணைப்பது எங்களுக்கு அதைவிடப் பெரிய வலி. பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவிடம் ஆண்டு விவரம் அளிக்க வேண்டும் என்பதால், நிலுவையை விரைவில் தீர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்கொடை வழங்கிய கடைக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், தலைவர், செயலவையினர் அனைவருக்கும் நன்றி.

எரியுலை குறித்து ஆதரவுத் தீர்மானமோ எதிர்ப்புத் தீர்மானமோ இவ்வாண்டு நான் கொண்டுவரவில்லை. நம் ஈரக் குப்பையை நாமே பிரிக்காத நிலையில் எதில் கையெழுத்திட்டாலும் அது வெறும் தாளாகவே இருக்கும் என்று கருதுகிறேன். வரும் ஆண்டில் பீப்பாய்களைத் தொடர வேண்டுமானால், குறைந்தது முப்பது வீடுகளும், சனிக்கிழமைகளில் முறை வைத்து நிற்க எட்டுப் பேரும் தேவை. அத்தனை பேர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பில் நீடிக்க எனக்கு மனமுண்டு. இல்லையெனில், இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதே முறையாகும். பெயர்ப் பதிவுத் தாள் வாசல் மேசையில், சந்தாப் புத்தகத்தின் பக்கத்தில் உள்ளது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்