ஏழரை மாதம் வரை நின்றே தீர வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் மகப்பேறு விடுப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தனியார் வேலையில் 26 வாரம், தமிழக அரசு ஊழியர்களுக்கு ஒரு வருடம், மூன்றாவது குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியை வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு என்று எல்லாம் இருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுப்பு எடுப்பதற்கு முன்னால் ஏழெட்டு மாதம் வாயும் வயிறுமாக வேலைக்குப் போய்வருகிறோமே, அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

நான் மதுரையில் ஒரு துணிக்கடையில் சுடிதார் செக்‌ஷனில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். கடையின் பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மீதி நேரம் முழுக்க நிற்பதுதான், வாடிக்கையாளர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 2018 தீபாவளி சீசனில் எனக்கு ஆறாவது மாதம். கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் அழுந்திய தடம் மறுநாள் காலைவரை போகாது. மேல் தட்டில் இருந்து பண்டல் இறக்குவதற்கு மட்டும் பக்கத்து செக்‌ஷன் பெண் உதவுவாள், அதையும் கேமராவில் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே. ஒரு ஸ்டூல் கேட்டேன். "உட்கார்ந்தா கஸ்டமர் என்னம்மா நினைப்பாங்க?" என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு அப்போது சட்டம் தெரிந்திருந்தாலும் அந்த ஸ்டூல் கிடைத்திருக்காது. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது (2025 நவம்பரில் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, விதி அப்படியே தொடர்கிறது). கர்ப்பிணிக்குக் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக் கூடாது என்கிறது அது. எவ்வளவு நல்ல விதி! ஆனால் எப்போதிலிருந்து தெரியுமா? பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்தைக் கழித்துவிட்டு, அதற்கு முன்னால் வரும் ஒரு மாதம். அந்த ஆறு வாரத்திலும் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தால் அந்த நாட்களுக்கும் பொருந்தும். எனக்கு பிப்ரவரி நடுவில் தேதி குறித்திருந்தார்கள். அப்படியானால் டிசம்பர் தொடக்கத்தில்தான் சட்டம் என்னைக் கண் திறந்து பார்க்கும். மசக்கையில் தலை சுற்றி ட்ரையல் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களும் தீபாவளிக் கூட்டமும் அதன் கணக்கில் வரவே வராது.

இன்னொன்று, அந்தச் சலுகையும் அவள் கேட்டால்தான். "கேட்டுக்கொண்டால்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே நழுவிப்போகிறது. பில் கவுண்டருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் மறுநாளே வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்வார்கள் என்று தெரிந்த பெண் எப்படிக் கேட்பாள்? இலேசான வேலைக்கு மாற்றினாலும் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. இதைக் கடையில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. இந்தச் சட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வேலை செய்யும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும், வேலைக்குச் சேரும்போதே மகப்பேறு உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். எங்கள் கடையில் ஒட்டியிருந்தது சாமி படமும், லேட்டாக வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பட்டியலும்.

தீபாவளி முடிந்த மறுவாரம் என்னைக் கூப்பிட்டு, "குழந்தை பிறந்து நல்லபடியா வாம்மா, உனக்கு எப்பவும் இங்க வேலை உண்டு" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன் என்று அதில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், வாசித்தேன், போட்டேன். அவர்களாக என்னை நீக்கியிருந்தால் சட்டம் என் பக்கம் இருந்திருக்கும். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் மகப்பேறுப் பணம் கைவிட்டுப் போகாது. நானே எழுதிக் கொடுத்ததால் நீக்கியதாகவே ஆகவில்லை.

இதைவிட வயிறெரிவது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயம். எனக்குச் சம்பளம் ஒன்பதாயிரம், அதில் மாதாமாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தார்கள். ஈ.எஸ்.ஐ. என்றால் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். மகப்பேறுக்கு 26 வாரச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்றால் ஆறு மாதம்) 70 நாள் கணக்கு இருந்தால் போதும் என்பது என் மகளுக்கு மூன்று வயதானபோதுதான் தெரிந்தது. என்னிடம் அதைப் போல நான்கு மடங்கு நாட்கள் இருந்தன. ஐம்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டிய பணம், ஒரு மனுகூடப் போடவில்லை.

"26 வாரச் சம்பளம் கொடுத்தால் யார் பெண்களை வேலைக்கு எடுப்பார்கள்?" என்று கேட்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பணத்தை முதலாளி தருவதில்லை. அவர் தர வேண்டியது ஒரு ஸ்டூல், நினைத்தபோது கழிவறைக்குப் போய்வர அனுமதி, மாதம் ஒரு நாள் செக்கப்புக்கு லீவு. அப்புறம் மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செலவு பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் துணிக்கடைக்காரர்கள் அதைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

ஸ்டூல் விஷயத்தில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் முன்னால் நின்று, கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடினார்கள். கேரளாவில் 2018-ல் சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கர்ப்பிணிக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோருக்கும் என்று வந்ததுதான் அதன் அழகு. மாதக் கணக்கு பார்க்க வேண்டாம், மருத்துவச் சீட்டு காட்ட வேண்டாம். நான் கடைகளுக்குப் போனால் முதலில் கவுன்ட்டருக்குப் பின்னால்தான் பார்ப்பேன். சில இடங்களில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் புடவைப் பெட்டி அடுக்கியிருக்கிறது.

இப்போது என் அக்கா மகள் வேறொரு கடையில் இருக்கிறாள், நான்காவது மாதம். அவளிடம் நான் சொன்னது: கர்ப்பப் பதிவு அட்டையின் நகலோடு பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடு, இன்னொரு பிரதியில் கடை சீல் வாங்கி வைத்துக்கொள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு, எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. "சித்தி, சண்டை போடச் சொல்றீங்களா?" என்றாள். இது சண்டை இல்லை, பின்னால் கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒரு தாள் என்றேன். போன வாரம் கொடுத்துவிட்டாள். சீல் வைத்துக் கொடுத்தார்களாம். ஸ்டூல் இன்னும் வரவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இந்த விதிகளை ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், கத்தரித்து எடுக்கிற மாதிரி அச்சிட முடியுமா? பின்பக்கம் விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பகுதியில் எந்தெந்தக் கடையில் பெண்கள் சாப்பிடும் அறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், ஒரு வாசகி
மதுரை