மூலப் பக்கத்தைக் காட்டுங்கள்: பதிவகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய மாநிலங்களின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். என்னை எழுத வைத்தது உங்களில் ஓர் அலுவலகம். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை; படித்தால் அவர்களுக்கே புரிந்துவிடும். ‘நம்மைத்தான் சொல்கிறாளோ’ என்று மற்றவர்களும் கொஞ்சம் யோசித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் கணவருடைய பாட்டிக்குப் பாட்டி 1890களில் இறந்தவர். அவருடைய இறப்புச் சான்றிதழுக்கு அண்மையில் பணம் கட்டினேன். வந்தது மூலப் பதிவேட்டின் படம் அல்ல. உங்கள் ஊழியர் யாரோ அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த தாள். நல்ல கெட்டித் தாள், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தன. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘யார்க்’ என்று இருந்தது. தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்று இருந்தது.

இந்த இரண்டு கட்டங்களுக்காகத்தான் நான் பணமே கட்டினேன்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது, அவர் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து அநாதைப் பெண்ணாகக் கப்பலேறி வந்தவர் என்பது. பெரும் பஞ்சத்தின்போது, 1848 முதல் 1850 வரை, ஏர்ல் கிரே திட்டத்தின் கீழ் அயர்லாந்தின் ஏழைகள் விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சிட்னிக்கும் போர்ட் பிலிப்புக்கும் (இன்றைய விக்டோரியா) அடிலெய்டுக்கும் அனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சிட்னியில் இறங்கியவர்களின் பட்டியல்களில் பெண்ணின் வயது, ஊர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பவற்றோடு தாய் தந்தை பெயரும் இருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டியின் பெயரில் பாதி அயர்லாந்து நடமாடியது. அதே பெயரில் பல பெண்கள் வந்திருக்கிறார்கள். இவர்தான் அவர் என்று அடையாளம் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: தாயின் பெயர். திருமணப் பதிவில் அது கிடைக்காது. நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பதிவு முறை 1856 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முந்தைய தேவாலயப் பதிவுகளில் மணமக்களின் பெற்றோர் பெயரை எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆக, அவருடைய தாயின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய கடைசி இடம் அந்த இறப்புப் பதிவுதான். தகவல் தந்தவர் மூத்த மகன் என்றும் உங்கள் தாளே சொல்கிறது. அம்மாவைப் பெற்றவளின் பெயர் தெரிந்த மகன் சொல்லியிருக்கிறார். பதிவாளர் எழுதியிருக்கிறார். உங்கள் தட்டச்சருக்குப் படிக்க இயலவில்லை. இயலாமல் போவது குற்றமல்ல. எனக்காவது இயலுகிறதா என்று பார்க்க விடுங்கள் என்றுதான் கேட்டேன்.

வந்த பதிலை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூலப் பக்கத்தின் படம் பொதுமக்களுக்குத் தரப்படுவதில்லை. சான்றிதழில் பிழை இருப்பதாகக் கருதினால் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். கூடவே, பிழை என்று நிரூபிக்கும் ஆவணத்தையும் இணைக்க வேண்டும்.

அந்த ஆவணம் உங்கள் அலமாரியில் இருக்கிறது, ஐயா. நான் எதை இணைப்பது?

‘யார்க்’ என்று படித்தது ‘கார்க்’காக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆங்கிலக் கையெழுத்தில், மை ஊறிய பழைய தாளில், இரண்டுக்கும் வேறுபாடு முதல் எழுத்தின் ஒரு வளைவுதான். அவர் தேவாலயத்தில் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம். கார்க்கில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால் இவை என் ஊகத்துக்கு வலு சேர்க்கின்றன, நிரூபிக்கவில்லை. இங்கிலாந்தின் யார்க்கில் பிறந்த கத்தோலிக்கப் பெண்ணும் இருந்திருக்கலாம். ஊகத்தை ஊகமாகவே வைத்திருக்கும் ஒழுக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் தாளில் ‘யார்க்’ என்பது ஊகமாக இல்லை. அரசு முத்திரையோடு இருக்கிறது.

அதன் விளைவு என்ன தெரியுமா? அதே தாளை எனக்கு முன்பே வாங்கிய தூரத்து உறவினர் ஒருவர், பாட்டியை யார்க்க்ஷயர் குடும்பம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அவர் இணையத்தில் போட்ட குடும்ப மரத்தைப் பலர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரு மரத்தில் பாட்டியின் தாய்க்கு, பாட்டி பிறந்தபோது வயது ஒன்பது. இன்னொன்றில் தந்தை, மகள் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பே புதைக்கப்பட்டிருக்கிறார். ஆதாரம் என்ன என்று கேட்டால் ஒருவர் மற்றவருடைய மரத்தைக் காட்டுகிறார். அவர் உங்கள் சான்றிதழைக் காட்டுகிறார். இந்தத் தலைமுறை வம்சாவளி ஆய்வாளர்கள் சோம்பேறிகள், சரிபார்ப்பதில்லை என்று கருத்தரங்குகளில் அறிவுரை சொல்கிறார்கள். சரிபார்க்க வந்தவளைத்தான் வாசலிலேயே நிறுத்தினீர்கள்.

என் கோரிக்கை சிறியது. தனியுரிமைக் காலம் கடந்த பதிவுகளின் மூலப் பக்கங்களைப் படமாக, கட்டணமின்றிப் பார்க்க வையுங்கள். கடவுச்சீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் முத்திரையிட்ட சான்றிதழ் வேண்டுவோரிடம் கட்டணம் வாங்குங்கள். அதில் எனக்கு வழக்கில்லை. நாங்கள் பார்க்கத்தான் கேட்கிறோம்.

செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் செய்த மாநிலம் இருக்கிறது. டாஸ்மேனியா 1899 வரையிலான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. எழுத்தரின் மைக்கறைவரை பார்க்கலாம். விக்டோரியாவில் 1841 முதல் 1925 வரையிலான உயில்களையும் சொத்து ஆவணங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டன் ஆவணக் காப்பகங்களில் இருந்த ஆஸ்திரேலியா தொடர்பான தாள்களை 1948இலிருந்து படச்சுருளில் எடுத்துவந்தார்கள். அவையும் இன்று ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் வழியாக எல்லோருக்கும் இலவசம். அயர்லாந்தின் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை 2015இல் திறந்துவிட்டது. உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஏட்டை இரவு உடையில் உட்கார்ந்து பார்க்கிறேன். இந்த நாட்டில் எழுதி, இந்த நாட்டிலேயே வைத்திருக்கும் ஏட்டின் ஒரு வரியைப் பார்க்க வழியில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி ஒரு கைக்குட்டையைத் திருடி நாடு கடத்தப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. இந்த மண்ணுக்கு அனுப்பப்பட்ட ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 2007இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. வான் டீமன்ஸ் லாந்துக்கு (இன்றைய டாஸ்மேனியா) போன கைதி என்றால் உயரம், கண்ணின் நிறம், பிறந்த ஊர், தழும்பு, பச்சை குத்தியது, எந்த நாளில் யாரை எதிர்த்துப் பேசினார் என்பதுவரை கிடைக்கும். ஒரு காலத்தில் குடும்பங்கள் மறைத்துவைத்த கைதிப் பாட்டன்களை இன்று பேரப்பிள்ளைகள் பதக்கத்தைப்போல நெஞ்சில் மாட்டிக்கொள்கிறார்கள். பசியைத் தவிர வேறு குற்றம் செய்யாமல் வந்த பெண்ணுக்குத்தான் ‘படிக்க இயலவில்லை’.

வேறு வழியில் தேடலாமே என்பீர்கள். எங்கே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவீடாக எழுதிய தாள்களை எண்ணி முடித்ததும் அழித்துவிடுவதுதான் இந்த நாட்டின் கொள்கையாக இருந்தது. நியூ சவுத் வேல்ஸின் 1881ஆம் ஆண்டுத் தாள்கள் மறு ஆண்டு செப்டம்பரில் சிட்னியின் கார்டன் பேலஸ் என்ற கண்காட்சி மாளிகை எரிந்தபோது அதோடு எரிந்தன. அயர்லாந்துப் பக்கம் போனால், 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு சாம்பலானது. என் பிறந்த வீட்டுப் பக்கம் மூன்று தலைமுறைக்கு மேல் பெயர்கூடத் தெரியாது. அங்கே ஏடே இல்லை என்பதால் மனம் ஆறிவிடும். ஏடு பத்திரமாக இருக்கிறது, உனக்குக் காட்டமாட்டோம் என்றால் எப்படி ஆறும்?

இது பழம்பெருமை பேசும் வேலை என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான்: தாத்தா ஆளில்லாத நிலத்தை வெட்டித் திருத்திப் பண்ணையாக்கினார். எங்கள் வீட்டிலும் அதுதான் கதை. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இலிருந்து, குடியேற்றக் காலத்தில் பெரும்பாலும் முதற்குடி மக்கள் பலியான எல்லைப்புறப் படுகொலைகளை வரைபடத்தில் இடம், காலத்தோடு குறித்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நம் குடும்பம் எந்த ஆண்டு இருந்தது என்று ஒரு பேரன் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள விரும்பினால், பிள்ளைகள் எந்த ஊரில் எப்போது பிறந்தார்கள் என்ற பதிவுகளை அடுக்கித்தான் பார்க்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள் என்றால் எட்டுக் கட்டணம். அவன் நிறுத்திவிட்டு, தாத்தாவின் கதையையே நம்பிக்கொள்வான். அரசு பிரித்தெடுத்த முதற்குடிக் குழந்தைகளின் வாரிசுகள் தம் உறவுகளைத் தேடும்போது இந்த ஏடுகள் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏட்டை மூடிவைத்தால் யாருடைய கதை வசதியாக நிலைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

உங்கள் ஊழியர்கள்மீது எனக்குக் குறையில்லை. தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாகவே பேசினார். விதியை அவர் எழுதவில்லை. ஆள் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்பதும் புரிகிறது. அதற்கும் வழி உண்டு. தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படித்ததைத் தன்னார்வலர்கள்தான் ஆண்டுக்கணக்காக வரிவரியாகத் திருத்திவருகிறார்கள். ஒரு பைசா கேட்பதில்லை. நீங்கள் பக்கங்களைத் திறந்துவிட்டால், உங்கள் அட்டவணைகளில் இருக்கும் தவறான பெயர்களை நாங்களே சுட்டிக்காட்டிக் கொடுப்போம். பல காலனிகளில் வட்டாரப் பதிவாளர் எழுதியதைப் படியெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் படியிலிருந்துதான் அட்டவணையும், இப்போது இந்தத் தட்டச்சுத் தாளும். படிக்குப் படி எழுதிய பிறகு மூலத்தோடு ஒத்துப்பார்ப்பது எந்த அலுவலகத்திலும் நடக்க வேண்டிய வேலைதானே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க முடியாது என்றால், முதல் படியாக இதையாவது செய்யுங்கள். தட்டச்சுச் சான்றிதழில் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தின் படத்தைக் கூடவே அனுப்புங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஒரு சுற்றறிக்கை போதும். திருத்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாக உங்கள் மூலப் பதிவையே நீங்கள் எடுத்துப் பார்க்கலாம் என்றும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம்.

என் மாமியாருக்கு எண்பது கடந்துவிட்டது. ‘அந்தப் பெயர் கிடைத்ததா’ என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறார். உங்கள் விதிகளை அவருக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். “அதைப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டமாம்?” என்றார். என்னிடம் பதில் இல்லை; உங்களிடம் இருந்தால் எழுத்தில் தாருங்கள், அவரிடம் படித்துக் காட்டுகிறேன். இல்லையென்றால், தயவுசெய்து, மூலப் பக்கத்தைக் காட்டுங்கள்.

என் விண்ணப்ப எண்ணும் பதிவு எண்ணும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குத் தனியே அனுப்பிய பிரதியில் இருக்கின்றன. திருத்தக் கட்டணத்தை இன்னும் கட்டவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
பாட்டியின் பெயரைத் தேடும் ஒரு மருமகள்,
மெல்பர்ன்