ஃபேசட் கான்ஃபிக் தவறினால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: தேடல் லைப்ரரி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

லூசீன், சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடல் மென்பொருள்களை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தரும் கருவிகளை நம்பித்தான் எங்கள் தேடல் பக்கங்கள் ஓடுகின்றன. தேடல் முடிவுகளுக்குப் பக்கத்தில் நிறம், ஆசிரியர், ஆண்டு என்று வடிகட்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண்ணிக்கை நிற்கிறது. அந்த ஃபேசட் பகுதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே எரர் வந்தால் எங்களுக்குப் பெரிய பயமில்லை, தேடிப் பிடித்துச் சரிசெய்துவிடுவோம். எரரே வராமல் தப்பான எண்ணிக்கை வருவதுதான் எங்களை வாட்டுகிறது. பயனர் அதை நம்பிவிடுகிறார், நாங்களும் பல நாள் கவனிப்பதில்லை.

எல்லோரும் முதலில் இடறும் இடம் ஃபீல்டு வகை, அதாவது ஆவணத்தின் ஒவ்வொரு தகவல் புலத்தையும் எந்த வடிவில் வைக்கிறோம் என்பது. நிறம் என்ற ஃபீல்டைச் சொல்சொல்லாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் வகையில் வைத்துவிட்டு சோலரில் ஃபேசட் கேட்டால், 'அடர் நீலம்' என்ற ஒரே மதிப்பு 'அடர்' என்றும் 'நீலம்' என்றும் இரண்டாகப் பிரிந்து வந்து நிற்கும். மதிப்பைப் பிரிக்காத ஸ்ட்ரிங் வகைக்கு ஒரு காப்பிஃபீல்டு (நகல் புலம்) போட்டு, ஆவணங்களை மறுபடி இன்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) ஏற்றினால் தீரும் சிக்கல்தான். ஆனால் இதுதான் காரணம் என்று சோலர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எலாஸ்டிக்சர்ச் இங்கே மறுத்துவிடுகிறது: டெக்ஸ்ட் ஃபீல்டில் இந்த வேலை முடியாது, மதிப்பைப் பிரிக்காமல் முழுதாக வைக்கும் கீவேர்டு ஃபீல்டைப் பயன்படுத்து என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. எரர் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ஒரே ஒரு குறை, அதே செய்தி மாற்று வழியாக, சொற்களை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் ஃபீல்டுடேட்டாவையும் சொல்கிறது. அவசரத்தில் இருப்பவர் அதை இயக்கிவிடுகிறார். எரர் போய்விடும், நினைவகம் கரையும், எண்ணிக்கை பழையபடி சொல்சொல்லாகவே வரும்.

லூசீன் நண்பர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஃபேசட் அமைப்புகளை வைக்கும் உங்கள் ஃபேசட்ஸ்கான்ஃபிக், ஒரு ஆவணத்தில் ஒரு டைமென்ஷன் (ஆசிரியர், நிறம் போன்ற ஒரு வடிகட்டி) ஒருமுறைதான் வரும் என்று முன்னிருப்பாக எடுத்துக்கொள்கிறது. பல மதிப்புகளை அனுமதிக்கும் செட்மல்டிவேல்யூட் போடாத நிலையில் இரண்டு ஆசிரியர்கள் உள்ள ஒரு நூல் வந்தால் உடனே எரர் தருகிறது, டைமென்ஷன் பெயரையும் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் இன்டெக்ஸை ஒரு கான்ஃபிக்கோடு எழுதிவிட்டு வேறொரு கான்ஃபிக்கோடு தேடினால் என்ன ஆகும்? எழுதும்போது ஆசிரியர் டைமென்ஷனுக்குத் தனி இன்டெக்ஸ் ஃபீல்டு பெயர் கொடுத்திருக்கிறோம், தேடும் நிரலில் அந்த ஒரு வரி விடுபட்டுப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். லூசீன் முன்னிருப்பு ஃபீல்டில் போய்ப் பார்க்கிறது, அங்கே எதுவும் இல்லை, நல் (null, வெற்று மதிப்பு) திரும்பி வருகிறது. டேட்டா இல்லையா, டைமென்ஷன் பெயரில் எழுத்துப் பிழையா, கான்ஃபிக் பொருந்தவில்லையா? மூன்றுக்கும் அதே நல்தான் பதில்.

இந்தக் கான்ஃபிக் இன்டெக்ஸில் சேமிக்கப்படாது, இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது செயலி எழுதுவோரின் பொறுப்பு என்று உங்கள் ஆவணமே சொல்கிறது. அந்த வரியை மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இன்டெக்ஸ் எழுதும் நிரலும் தேடும் நிரலும் பெரும்பாலும் வேறு வேறு குழுக்களின் கையில் இருக்கின்றன, தனித்தனியாக வெளியிடப்படுகின்றன. ஒன்று மாறியது மற்றதற்குத் தெரிய வழியே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது இன்டெக்ஸ் மட்டுமே, அதனால் அந்தத் தகவல் இன்டெக்ஸில்தான் இருக்க வேண்டும்.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. 2021-இல் வந்த லூசீன் 9.0, ஒரே ஃபீல்டை ஒரு ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதுவதைத் தடுத்துவிட்டது. பழைய நிரல்கள் சில உடைந்தன, ஆனாலும் அது சரியான முடிவு. ஒவ்வொரு கமிட்டோடும் (மாற்றங்களை உறுதியாகச் சேமிக்கும் படியோடும்) சிறு குறிப்புகளைச் சேமிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஃபேசட் மதிப்புகளுக்கு எண் கொடுத்துத் தனி இன்டெக்ஸில் வைக்கும் டாக்ஸானமி ரைட்டரே தன் எபாக் எண்ணை (அந்த இன்டெக்ஸ் புதிதாக உருவாக்கப்பட்டதா என்று காட்டும் எண்) அங்கேதான் வைக்கிறது. கான்ஃபிக்கையும் அங்கே எழுதி, இன்டெக்ஸைத் திறக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் எந்த டைமென்ஷன், எழுதியது எப்படி, கேட்பது எப்படி என்று மூன்றையும் சொல்லி நிறுத்துங்கள்.

டாக்ஸானமி இன்டெக்ஸை முதலில் கமிட் செய்து, அப்புறம்தான் முக்கிய இன்டெக்ஸைக் கமிட் செய்ய வேண்டும் என்ற வரிசையையும் லைப்ரரியே பார்த்துக்கொண்டால் நல்லது. வரிசை மாறினால், டாக்ஸானமியில் இன்னும் இல்லாத எண்ணை முக்கிய இன்டெக்ஸ் சுட்டிக்கொண்டு நிற்கும்.

முன்னிருப்பு அளவுகள் பற்றியும் ஒன்று. எலாஸ்டிக்சர்ச்சில் ஃபேசட் எண்ணிக்கை தரும் டெர்ம்ஸ் அக்ரிகேஷன் 10 மதிப்புகளோடு நிற்கிறது, சோலர் 100-இல் நிற்கிறது. வரம்பு இருப்பதில் தவறில்லை. எலாஸ்டிக்சர்ச்சாவது மிச்சம் எத்தனை ஆவணங்கள், எண்ணிக்கையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதைப் பதிலிலேயே தருகிறது. ஆனால் ஃபீல்டு வகையைத் தானே தீர்மானிக்கும் அதன் டைனமிக் மேப்பிங் உருவாக்கும் கீவேர்டு ஃபீல்டு, 256 எழுத்துக்கு மேல் போன மதிப்பை விட்டுவிடுகிறது. ஆவணம் ஏற்கப்படும், தேடினால் கிடைக்கும், ஃபேசட்டில் மட்டும் இருக்காது. அக்ரிகேஷன் பதிலிலேயே 'இத்தனை மதிப்புகள் நீளத்தால் விடப்பட்டன' என்று ஒரு எண் வந்தால் போதும், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் இப்போது செய்ய முடியும் என்றால், நல் திரும்பும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்த டைமென்ஷன் இன்டெக்ஸில் இருக்கிறது, இந்தத் தேடலுக்கு எதுவும் இல்லை' என்பது ஒரு பதில். 'இப்படியொரு டைமென்ஷனே இல்லை' என்பது வேறு பதில். இரண்டையும் பிரித்துத் தாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் லைப்ரரிகளைப் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்