தீவுக்கு வரும் பணமும் என் நான்கு நோட்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் உள்ள காரைச்சல்லித் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கும் வேலை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு இன்று 3 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதைக் காப்பாற்ற முன்வந்திருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல். இந்த வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. என் அம்மா சின்ன வயதில் பூவரசன்பட்டியில் வள்ளத்தை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். நான் அந்த இடத்தின் மேல் வள்ளத்தில் போயிருக்கிறேன், அவ்வளவுதான். காளவாயில் சுண்ணாம்பு சுடுவதற்காகப் பவளப்பாறையை வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பாறை போனதும் மணல் கரைந்துவிட்டது.

நான் ஏர்வாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கடற்பாசி எடுக்கும் பெண். வயது 58. பத்தாவது வரை படித்தவள் என்பதால் எங்கள் ஊர்க் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் வந்தது. 2002 முதல் சுமார் பத்து ஆண்டுகள் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, மன்னார் வளைகுடா பாதுகாப்புத் திட்டம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள், திரும்பி வரும் பணத்தையே மறுபடி கடனாகக் கொடுக்கும் சுழல்நிதி வந்தது. அதற்கு முன் நாங்கள் பாசி வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோம். வாங்கிய பிறகு அவர் சொல்வதுதான் விலை. குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்ததும் சில பெண்கள் முதல்முறையாக எடையை நேரில் பார்த்து, விலை கேட்டு விற்றார்கள். அந்த நன்மையை நான் மறக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் வெளியூரிலிருந்து ஆய்வுக் குழுக்கள் அடிக்கடி வரும். எந்த நிறுவனம் என்று நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. ஒருமுறை வந்தவர்கள் என் அம்மாவிடம், கடலில் என்ன மாற்றம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா பத்து நிமிடம் பேசினார். கச்சான் காற்று முன்பெல்லாம் எந்த மாதம் தணியும், இப்போது எப்போது தணிகிறது என்றார். கஞ்சிப்பாசி எந்தப் பாறையில் நின்றுபோனது, மரிக்கொழுந்துப் பாசி எங்கே இன்னும் கிடைக்கிறது என்று கையால் தரையில் கோடு போட்டே காட்டினார். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளி எடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வளரும் என்பதையும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்ட மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னார். என்ன சொன்னீர்கள் தம்பி என்று கேட்டேன். "வருமானம் குறைந்துவிட்டது என்று சொன்னேன், அக்கா" என்றார்.

அன்று இரவே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவோம், அது நாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. போன ஒவ்வொரு நாளும் என்ன காற்று, தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்தப் பாறை, எத்தனை கிலோ ஈரப்பாசி, சொறிமீன் (ஜெல்லி மீன்) வந்ததா என்று குறித்துவைத்தேன். பாசி எடுத்து வந்த விரல்களில் துணிச்சுற்றை அவிழ்த்ததும் தோல் ஊறி வெளுத்திருக்கும், பேனாவே சரியாகப் பிடிபடாது. அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். 2010 மே மாதத்துப் பக்கத்தில் "பாறை வெளுத்துக் கிடக்குது, தண்ணி வெந்நீர் மாதிரி" என்று எழுதியிருக்கிறேன். அந்த ஆண்டு கடல் சூடேறி, பவளங்கள் பெருமளவில் வெளுத்தன என்று விஞ்ஞானிகளும் பதிவு செய்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்படி நான்கு நோட்டுகள் சேர்ந்தன. திட்டம் முடிந்தது, வண்டிகள் வருவது நின்றது. அந்த நோட்டுகளை எந்த அலுவலகமும் கேட்கவில்லை. நான்காவது நோட்டோடு நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. 2016-ல் மறுபடி பவளம் வெளுத்தபோது என்னிடம் ஒரு வரி கூட இல்லை.

இப்போது கடற்கரையை மீட்பதற்கான தமிழக அரசின் நெய்தல் மீட்சி இயக்கம் உலக வங்கி உதவியுடன் 1,675 கோடி ரூபாயில் நடக்கிறது. அன்று வந்தது மானியம், திருப்பித் தர வேண்டியதில்லை. இன்று உலக வங்கி தருவது கடன். கடனைக் கட்டப்போவது நம் பிள்ளைகள். அப்படியென்றால் அந்தப் பணத்தில் பாறை இறக்கிய பிறகு பத்தாவது ஆண்டில், பதினைந்தாவது ஆண்டில் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? இதைத்தான் கேட்க வந்தேன். திட்டத்துக்கு முடிவு தேதி உண்டு. பாறையில் பாசி ஒட்டி, மீன் குடியேறி, தீவு மணலைப் பிடித்து நிற்க அதைவிடப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே ஒதுக்கீட்டில் ஒரு சிறு பங்கை, திட்டம் முடிந்த பிறகு கடலைக் கவனித்து எழுதும் வேலைக்கென்று இப்போதே தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்திலும் கடலில் இறங்கும் இரண்டு பெண்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து எழுதச் சொல்லுங்கள். படகு வைத்துப் போய் ஆண்டுக்கு ஒருமுறை ஆராய்வதும் தேவைதான். ஆனால் நடுவில் உள்ள நாட்களைப் பார்ப்பது நாங்கள். அப்புறம், திட்ட அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு கிராம சபையில் வாசிக்க வேண்டும். எங்கள் கடலைப் பற்றிய அறிக்கையை என் பேரன் இணையத்தில் தேடி ஆங்கிலத்தில் படித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது எங்கள் ஊரோடு முடிகிற விஷயமும் அல்ல. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் தனுஷ்கோடிக் கரை வரை வந்தன. வங்காள விரிகுடாவுக்கென்று இந்தியா, இலங்கை உட்பட எட்டு நாடுகள் சேர்ந்த திட்டம் ஒன்று 2009-லிருந்து 2015 வரை நடந்தது. அதற்கும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமே பணம் தந்தது, நார்வேயும் ஸ்வீடனும் உதவின. அதிகாரிகள் எட்டு நாடுகளிலிருந்து வந்து கூட முடியும் என்றால், இலங்கையின் மன்னாரில் கடலோடு பிழைக்கும் பெண்களும் நாங்களும் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசவும் வழி செய்யலாம். மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம். 2010 மே மாதம் அங்கே தண்ணீர் எப்படி இருந்தது என்று நான் கேட்க வேண்டும்.

வருகிற கிராம சபைக்கு நான்கு நோட்டுகளையும் எடுத்துப் போகிறேன். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் வந்து பார்க்கலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம். அசலைத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
பாசித் தொழிலாளி ஒருவர்,
ஏர்வாடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.