ஆலோசகர் பள்ளியிலேயே இருக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நல்ல மதிப்பெண்ணோடு பிளஸ் டூ முடித்தும் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். பொறியியல் படிக்க ஆசை; பணத்துக்கு எங்கே போவது என்று வீட்டில் கைவிரித்துவிட்டார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது என்று அவள் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வழிசொல்ல மாமா, சித்தப்பா இருக்கிறார்கள். இவளுக்குப் பள்ளியை விட்டால் யார்? தொலைபேசியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் அரசின் 14417 உதவி எண் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிவதையும், அடிக்கடி வகுப்புக்கு வராததையும் கூடவே இருப்பவர்தான் கவனிக்க முடியும். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்கிறது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம். நமக்கு அது உடனே கைகூடாது. சென்னை மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் முழுநேர ஆலோசகர் ஒருவரையாவது நியமியுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவர் பிள்ளைகளோடு பேசட்டும். அலுவலக வேலைகளை அவர் தலையில் கட்டாதீர்கள்.

- வாசகி ஒருவர், வியாசர்பாடி, சென்னை - 39