கமராவை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வாகனப் பராமரிப்பு பற்றி அவ்வப்போது குறிப்புகள் வருகின்றன. ரிவேர்ஸ் போடும்போது காருக்குப் பின்னால் இருப்பதைத் திரையில் காட்டும் பின் கமரா பற்றி இதுவரை ஒன்றும் காணவில்லை. அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கல்லடியில். எங்கள் கார் பத்து வருடம் தாண்டிய சிறிய ஜப்பான் கார். போன மாரியில் அதன் பின் கமரா தகராறு பண்ணத் தொடங்கியது. ஒருநாள் படம் வரும், மறுநாள் வெறும் நீலத் திரை. வருகிற நாளில் நன்றாகத்தானே வருகிறது என்று விட்டுவிட்டேன்.

நாவல் பழுக்கிற காலம். ஒருநாள் காலையில் ரிவேர்ஸ் போட்டேன், திரை நீலமாக இருந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தேன், நடுக் கண்ணாடியையும் பார்த்தேன், யாரும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த நேரம் மனைவி “பொறுங்க, பொறுங்க!” என்று கத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தால், காருக்குப் பின்னால் எங்கள் பேரன் குந்தியிருந்து நாவற்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அவனுடைய தலை பம்பர் உயரத்துக்கும் வரவில்லை. வாயெல்லாம் ஊதா நிறம். “அம்மப்பா, இந்தாங்க” என்று ஒரு பழத்தை நீட்டினான். அன்றைக்கு நான் காரைத் தொடவே இல்லை.

அடுத்த நாளே ஒரு கராஜுக்குப் போனேன். கமரா போய்விட்டது என்றார்கள். மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை, ஒரு வயரையும் தொடவில்லை. புதுக் கமரா பூட்டினார்கள். இரண்டு கிழமை ஓடியது, பிறகு பழையபடி நீலத் திரை. அதைவிட மோசம், புதுக் கமராவில் இடம் வலம் மாறித் தெரிந்தது. பின் கமராவின் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்ட வேண்டும், அப்போதுதான் காரின் இடப்பக்கம் இருப்பது திரையிலும் இடப்பக்கம் இருக்கும். இதைச் சரிபார்க்காமல் பூட்டினால், சுவர் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் இருப்பதாக நினைத்து நாம் அதன் மேலேயே ஒடிப்போம்.

கடைசியில் காத்தான்குடியில் வாகன வயரிங் செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது, ரிவேர்ஸ் லைட் எரிகிறதா என்று. எரியாவிட்டால் பியூஸையோ கியர்பெட்டியில் உள்ள சுவிட்சையோதான் பார்க்க வேண்டுமாம். அது எரிந்தது. திரை நீலமாக மாறுகிறது என்றால் ரிவேர்ஸ் போட்ட செய்தி திரைக்குப் போகிறது, படம்தான் வரவில்லை என்றார். பிறகு படம் வரும் நேரமாகப் பார்த்து டிக்கிக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். பாதி உயரத்தில் படம் துடித்தது, அப்புறம் போய்விட்டது.

டிக்கிக் கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு கறுப்பு றப்பர் குழாய் இருக்கும். உள்ளே போகிற வயர்களெல்லாம் கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அந்த இடத்தில் மடிகின்றன. அதை இழுத்துக் காட்டினார். “இஞ்ச பாருங்க சேர், கமராவுல ஒரு பிழையும் இல்ல.” வயரின் மேல்தோல் வெடித்து, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, இரண்டோ மூன்றோ இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த உப்புக் காற்றில் வெடித்த வயர் எத்தனை நாள் தாங்கும்?

மடிகிற இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால் அது விறைத்து மறுபடி உடையும் என்று, மெல்லிய இழை வயரைக் குழாய் முழுவதும் புதிதாக ஓட்டி, இரண்டு முனையையும் குழாய்க்கு வெளியே பொருத்தினார். பழைய கமராவையே திரும்பப் பூட்டினார். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். கமராவைச் சோதிக்கப் பற்றரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுக்கிறவர்கள் உண்டு. காரோடு வருகிற சில கமராக்கள் 6 வோல்ட்டில் வேலை செய்பவை, அப்படிக் கொடுத்தால் நல்ல கமராவும் கருகிவிடும். படம் மங்கலாக இருந்தால் முதலில் ஈரத் துணியால் துடையுங்கள். துடைத்தும் பனி மூட்டம் போல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம், அப்போது கமராவை மாற்ற வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின் கமரா கட்டாயம். பின்னால் நிற்கும் சிறு பிள்ளைகள் அடிபடுவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது. இங்கே 2020 இல் நின்ற கார் இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் நம் வளவுகளில் நிற்பவற்றில் பல, வயர் முதிர்ந்த கார்கள். படம் விட்டுவிட்டு வந்தால் அதே கிழமையில் காட்டுங்கள். சரியாகும் வரை, ரிவேர்ஸ் போடுமுன் இறங்கிப் பின்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் படம் நன்றாக வந்தாலும் அப்படிச் செய்யுங்கள்.

கராஜ் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது, புதுக் கமராவை எடுக்குமுன் அந்த றப்பர் குழாயை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆசிரியர் அவர்களே, வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதைப் படத்தோடு அரைப் பக்கம் எழுதுவித்து வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர்,
மட்டக்களப்பு