வெங்காயக் களைக்கொல்லியில் ஒட்டுத்திரவம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களைக்கொல்லி எதுவானாலும் தெளிப்பான் டேங்கில், மருந்தை இலையில் படரவிட்டு ஒட்டவைக்கும் ஒட்டுத்திரவம் ஒரு மூடியோ, ஷாம்பு ஒரு பாக்கெட்டோ ஊற்றினால் ‘நன்றாகப் பிடிக்கும்’ என்ற நம்பிக்கை இருக்கிறது. பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் களையோடு பயிரும் கருகும்.

வெங்காயத் தாளின்மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் மெழுகுதான் அதற்குக் கவசம். தாளும் செங்குத்தாக நிற்பதால் வெறும் நீர்த்துளி தங்காமல் உருண்டு விழுந்துவிடுகிறது. ஆக்சிஃபுளோர்ஃபென் 23.5 ஈ.சி. என்ற களைக்கொல்லி அகன்ற இலைக் களையைக் கருக்கிவிட்டு வெங்காயத்தை விட்டுவைப்பதற்கு இது முக்கியக் காரணம். வெயில் பட்டதும், பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து அது.

துளியை உருண்டையாக இழுத்துப் பிடிப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சாதாரண ஒட்டுத்திரவம் அதை 30 அளவுக்குக் குறைக்கும். சிலிக்கான் வகை 20, 22 வரை இறக்கிவிடும். அப்போது துளி உருளாது. தாள் முழுக்கப் படர்ந்து, வழிந்து, குருத்தில் போய்த் தேங்கும். சிலிக்கான் வகையாக இருந்தால் இலைத்துளை வழியாக உள்ளேயும் புகும். இந்த மருந்தைத் தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிறதே, அது எண்ணெயை நீரோடு கலக்கவைக்க மருந்திலேயே சேர்த்திருக்கும் பால்மமாக்கியின் வேலை. அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று: இலைப்பேன் பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது ஒட்டுத்திரவம் சேர்ப்பது சரிதான், இல்லாவிட்டால் பூச்சிமருந்து தாளில் நிற்காது. ஆனால் அந்தத் தெளிப்பு மெழுகைக் குலைத்துவிடுகிறது. பலத்த மழையும், மணலை வாரி அடிக்கும் காற்றும் அப்படித்தான். எனவே களைக்கொல்லிக்கு முன் தாளில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் அடிக்கலாம். படர்ந்து ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். முழுதாக விரிந்த 2 தாள்கூட இல்லாத இளம் பயிரிலும் வேண்டாம். பூச்சிமருந்து அடித்த டேங்க், குழாய், நாசில் (தெளிப்பு முனை) மூன்றையும் 3 முறை அலச வேண்டும்.

நெல்லில் கதை வேறு. பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி. என்ற களைக்கொல்லி (ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி.) குதிரைவாலிக் களையின் இலையில் தங்கி உள்ளே போனால்தான் கொல்லும். அங்கே லேபிளில் சொல்லியிருந்தால் அயனியற்ற (மின்னேற்றம் இல்லாத) வகை ஒட்டுத்திரவத்தை லிட்டருக்கு 2.5 மி.லி., அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 25 மி.லி. சேர்க்கலாம். டேங்க் நிரம்பியபின் கடைசியாக ஊற்றினால் அதிகம் நுரைக்காது. ஒரு அளவுக்குமேல் கூட்டினால் இழுவிசை மேலும் இறங்காது. துளிகள் ஒன்றுசேர்ந்து, மருந்து இலையிலிருந்து சொட்டிப்போவதுதான் மிச்சம்.

சோப்பும் சோப்புத்தூளும் எந்தப் பயிருக்கும் வேண்டாம். உப்புத்தண்ணீரில் குளித்தால் சோப்பு திரிதிரியாகிறதல்லவா, டேங்கிலும் அதே கசடு உண்டாகி நாசிலை அடைக்கும். சோப்புத்தூளில் சோடாவும் இருப்பதால் நீரின் காரத்தன்மை ஏறும். ஷாம்பு நுரைத்து, பம்ப் காற்றை இழுத்து, தெளிப்பு விட்டுவிட்டு விழும்.

மருந்துக் கடைகளில் எந்தக் களைக்கொல்லி வாங்கினாலும் ஒட்டுத்திரவ பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தை வேளாண்மைத் துறை நிறுத்த வேண்டும். சேர்க்கலாமா, கூடாதா என்பதை, பயிரின் பெயரோடு, பில்லிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர்,
பெரம்பலூர்.